நாற்பத்தோராவது பத்தி

எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி ஒன்று வைத்திருக்கும் என் அம்மாவுக்கு,

தம்பி நான்கு வரிதான் கேட்டான். உன் முதலாண்டு நினைவுநாளுக்குப் பத்திரிகையில் கால் பக்கம் பிடித்து வைத்திருக்கிறான். மேலே உன் படம், கீழே நான்கு வரி, அதற்கும் கீழே குடும்பத்தார் பெயர்கள். "நீதானக்கா எழுத்து வேல பாக்குறவ. நல்லா நாலு வரி எழுதிக் குடு" என்றான். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். "ஆண்டொன்று கடந்தாலும்" என்று ஆரம்பித்து அடித்தேன். எல்லார் அஞ்சலியிலும் வருகிற வரி அது. நீ படித்திருந்தால் பென்சிலால் சுழித்திருப்பாய்.

அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். இது கால் பக்கத்தில் அடங்காது என்று தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. எங்கே அச்சாகுமோ அங்கே ஆகட்டும். உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியதாக இருந்தால் உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். நாலு பேர் காதிலும் விழ வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. தம்பியின் மின்சாமான் கடை நன்றாகப் போகிறது. தெருவைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்; ஆட்டோ முனையோடு நின்றுவிடுகிறது. உன் அறையில் இப்போது நான் இருக்கிறேன். எனக்கு வேலை போய்விட்டது.

போய்விட்டது என்றால் என்னை நீக்கவில்லை. நான் இருந்த குழுவையே கலைத்துவிட்டார்கள். அதைச் சொல்வதற்கு முன்னால், இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேலை என்னவென்று சொல்லியாக வேண்டும். நீ அதை ஒரே வரியில் முடித்துவிடுவாய்: "எம் மக வெளிநாட்டுல எழுத்து வேல பாக்குறா." உன் பதினாறாம் நாள் காரியத்தில் சின்னம்மா என்னைத் தனியாக இழுத்துப் போய்க் கேட்டாள். "ஏத்தா, எங்கிட்ட மட்டும் சொல்லு. நீ துப்பாக்கி யாவாரமா பாக்குற?" நான் அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வியாபாரம் இல்லை, அதற்கு நேர் எதிர். உலக நாடுகள் கூடி உட்காரும் மன்றம் ஒன்று, சண்டை ஓயாத ஒரு நாட்டின் மேல் தடை போட்டது. அங்கே ஊர்களை எரிக்கும் ஆயுதக் குழுக்களுக்கு யாரும் துப்பாக்கி கொடுக்கக் கூடாது. அந்தக் குழுக்களின் தலைவர்கள் எல்லை தாண்டக் கூடாது. அவர்களுடைய சொத்தை எல்லா நாடுகளும் முடக்க வேண்டும். இந்தத் தடையை யார் மீறுகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து எழுத ஐந்து பேர். ஆயுதத்தைப் பார்க்க ஒருவர், பணம் போகும் வழியைப் பார்க்க ஒருவர், இப்படி. ஆயுதக் குழுக்கள் என் பங்கு. எந்தக் குழு எந்தக் காட்டில் இருக்கிறது, அதன் தலைவன் யார், அவனுக்குச் சோறும் தோட்டாவும் எங்கிருந்து வருகின்றன. எங்களிடம் துப்பாக்கி கிடையாது. யாரையும் கைது செய்ய முடியாது. ஒரு வெள்ளை ஜீப்பும் நோட்டுப் புத்தகமும் பேனாவும்தான்.

நீயும் அதே வேலையைத்தான் பார்த்தாய். முப்பத்து மூன்று வருடம் கோர்ட்டில், கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, அவர்கள் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தாய். வீட்டுக்கு வந்து ஒரு வழக்கைப் பற்றிக்கூட வாய் திறக்க மாட்டாய். நானும் என் வேலையைப் பற்றி உன்னிடம் பேசியதில்லை. ஒரே ஒரு முறைதான் பேசினேன். அதுவே கடைசியாகப் போயிற்று.

அந்த நாட்டின் பெயரை எழுத மாட்டேன். ஆப்பிரிக்காவில் இருக்கிறது, அவ்வளவு போதும். அங்கே ஒரு சந்தை ஊருக்கு வெளியே செம்மண் ஓடுபாதை ஒன்று. கண்டரமாணிக்கம் போகிற வழியில் கோடையில் காய்ந்து கிடக்கும் பொட்டலைப் போல இருக்கும். அதன் ஓரத்தில் ஒருத்தி அடுப்பு மூட்டி, கரைத்த மாவை எண்ணெயில் ஊற்றிச் சுட்டு விற்பாள். வாயில் போட்டுப் பார்த்தேன். நம் வெள்ளைப் பணியாரமேதான், கொஞ்சம் தடிமன். அவள் பெயர் எனக்குத் தெரியும். அதை அவள்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பதால், இங்கே அவளைப் பணியாரக்காரி என்றே எழுதுகிறேன்.

விமானத்திலிருந்து சாமான் இறக்கும் சுமைக்காரர்கள் அவளிடம்தான் சாப்பிடுவார்கள். விமானம் வருவதற்கு முந்தின நாள் மேஸ்திரி வந்து, "நாளைக்கு மாவு கூடக் கரைத்து வை" என்பானாம். அதனால் எந்த நாளில் விமானம் வரும் என்று அந்த ஊரில் முதலில் தெரிகிற ஆள் அவள். ஒரு நாள் விமானத்தின் பக்கவாட்டில் இருந்த எண்ணைச் சாயம் பூசி மறைத்திருந்தார்கள். சாயம் காயவில்லை. ஒரு சுமைக்காரனின் சட்டையில் அது ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டையோடு அவன் பணியாரம் வாங்க வந்தான்.

பெட்டிகள் சின்னவை, பச்சை நிறம். சின்னப் பெட்டிதான், ஆனால் ஒன்றுக்கு இரண்டு பேர் கை கொடுத்தார்கள். ஒரு பெட்டி கீழே விழுந்து உடைந்து தோட்டாக்கள் உருண்டன. ஒன்று அவள் அடுப்பு வரை வந்தது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போக வந்தவன், எங்கள் தடைப் பட்டியலில் பெயர் இருக்கும் ஒரு குழுவின் தளபதி. அவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து ஊர்க்காரன். அவன் அம்மாவும் இவளும் ஒரே தண்ணீர்த்துறையில் குளித்தவர்கள்.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னாள். பாஸ்கல் என்று எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார், பொறுமைசாலி. அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் எழுதினேன். அவள் வாய் திறப்பதற்கு முன்பே நான் ஒன்று சொன்னேன். எல்லாச் சாட்சிகளிடமும் சொல்வதுதான். "உன் பெயர் எங்கேயும் வராது." அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியால் எண்ணெயைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் சொன்னது எங்கள் அறிக்கையில் நாற்பத்தோராவது பத்தி ஆயிற்று. எட்டு வரி. நான் எழுதியவற்றில் நல்ல எட்டு வரிகள் அவை, அம்மா. ஒரு சொல்லைக்கூட உன்னால் சுழிக்க முடியாது. விமானம் எந்த நாட்டிலிருந்து கிளம்பியது, யாருடைய கம்பெனி, யார் கையில் போய்ச் சேர்ந்தது, எல்லாம் இருந்தது. விமானம் அங்கே இறங்கியதற்கு வானிலிருந்து எடுத்த படம் இருந்தது. ஆனால் படத்தில் பெட்டி தெரியாது. பெட்டியைப் பார்த்தவர்களில் பேசியவள் அவள் ஒருத்திதான்.

எங்கள் குழுத் தலைவர் ஓய்வு பெற்ற தூதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"பத்தி நன்றாக இருக்கிறது. சாட்சியின் பெயரை அறிக்கையோடு போகும் இரகசிய இணைப்பில் கொடுத்துவிடுங்கள். பெயர் இல்லாமல் இது நிற்காது."

"இணைப்பை யார் படிப்பார்கள்?"

"மன்றத்தின் உறுப்பு நாடுகள்."

"விமானம் அனுப்பியவர்களின் நண்பர்களும் அதில் இருக்கிறார்களே?"

"இருக்கிறார்கள்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முந்தைய அறிக்கையின் இணைப்பில் என் சக ஊழியர் ஒரு லாரி டிரைவரின் பெயரைக் கொடுத்திருந்தார். இணைப்பு எப்படியோ வெளியே போயிற்று. அந்த டிரைவரை வீட்டிலிருந்து யாரோ கூட்டிப் போனார்கள். இன்றுவரை அவர் திரும்பவில்லை. அந்தச் சக ஊழியர் மேசையில் டிரைவரின் படத்தை வைத்திருந்தார். அந்தப் படத்தைத் தாண்டித்தான் நான் தினமும் என் நாற்காலிக்குப் போக வேண்டும். நான் எப்படிப் பெயரைக் கொடுப்பேன்?

அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன். நாடு, ஊர் எதையும் சொல்லவில்லை. ஒருத்தி ஒன்றைப் பார்த்தாள், பெயரைக் கொடு என்கிறார்கள், நான் மாட்டேன் என்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நீ என் பக்கம் பேசுவாய் என்று நினைத்தேன். அதற்காகத்தான் கூப்பிட்டேன், உண்மையைச் சொன்னால்.

"பேரு இல்லாம எழுதுனா அது மொட்டக் கடுதாசிதாண்டி" என்றாய்.

"அம்மா, பேரு வெளிய போனா அவ உசுரு போயிரும்."

"அது சரி. அவகிட்டக் கேட்டியா?"

"என்னத்த?"

"பேரப் போடவா வேணாமான்னு. கேட்டியா?"

"அவளுக்கு என்னம்மா தெரியும்? அடுப்பங்கரையில உக்காந்து பலகாரம் சுடுறவ. இந்த மன்றம், இணைப்பு, நாடு, இதெல்லாம் அவளுக்கு என்ன தெரியும்?"

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "முப்பத்து மூணு வருசமா கூண்டுல ஏறுனவுகளப் பாத்திருக்கேன். ஒண்ணுந் தெரியாம எவளும் அதுல ஏறல" என்றாய்.

"உனக்கு இதெல்லாம் புரியாது. வையி போன" என்று நானே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எட்டாம் நாள் நீ போனாய். காலையில் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டே சாய்ந்துவிட்டாய் என்றார்கள். அந்த எட்டு நாளில் நான் ஏன் உன்னைக் கூப்பிடவில்லை? வேலை என்று சொல்லலாம். கோபம் என்பதுதான் நிஜம். உன் மேல் இல்லை. உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததன் மேல்.

நீ போன அன்று நான் அந்தச் சந்தை ஊரையும் தாண்டி உள்ளே, இரண்டு நாள் பயணத் தொலைவில் இருந்தேன். பெட்டியைப் பார்த்த இன்னொரு ஆள் கிடைத்தால், பணியாரக்காரியின் பெயர் இல்லாமலே பத்தியைக் காப்பாற்றலாம் என்று ஒரு நப்பாசை. சுமைக்காரர்கள் மூன்று பேரைக் கண்டுபிடித்தேன். மூவரும் வானத்தைப் பார்த்தார்கள், மழை வருமா என்று பேசினார்கள், எழுந்து போனார்கள். அங்கே போன் எடுக்காது. தம்பி விடாமல் கூப்பிட்டிருக்கிறான். சாலைக்குத் திரும்பி வந்தபோதுதான் செய்தி வந்தது. மூன்று விமானம் மாறி மதுரையில் இறங்கினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தம்பி வாசலில் மொட்டைத் தலையோடு நின்றான். என்னைப் பார்த்ததும், "எம்புட்டு நேரங்கா வச்சிருக்க முடியும்?" என்று மட்டும் கேட்டான்.

நான் பதினாறாம் நாள் வரை இங்கே இருந்தேன். அங்கே பத்தியை எடுத்துவிட்டார்கள்.

தலைவர் எனக்கு எழுதினார். "உங்கள் துக்கத்தில் தொந்தரவு செய்ய விரும்பவில்லை. ஆதாரத்தின் தரம் போதாது என்று குழு கருதியதால் பத்தி நீக்கப்பட்டது." அவ்வளவுதான். நாற்பத்திரண்டாவது பத்தி நாற்பத்தோராவது ஆகியிருந்தது. இடையில் ஒரு வெள்ளை இடம்கூட இல்லை. படிக்கிறவர்களுக்கு அங்கே ஒன்று இருந்தது என்றே தெரியாது. நான் மறுப்புக் குறிப்பு ஒன்று எழுதி அனுப்பினேன். "கோப்பில் சேர்க்கப்பட்டது" என்று பதில் வந்தது. கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

உனக்கு ஆபீஸ் தெரியும். உனக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எனக்கு இருந்தது. பதினோரு வருடம் இதே வேலையில் இருந்தும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, அம்மா. யாரும் மிரட்டவில்லை. எல்லாரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். மரியாதையாகவே அந்த விமானம் மறுபடி மறுபடி இறங்கியது.

சில மாதம் கழித்து அந்தக் குழு சந்தை ஊருக்குள் புகுந்தது. பச்சைப் பெட்டியில் வந்ததை வைத்துத்தான் சுட்டார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிப்பதுதானே என் வேலை? ஊர் எரிந்தது. தப்பினவர்கள் ஆற்றைக் கடந்து பக்கத்து நாட்டுக்குள் ஓடினார்கள். அதே வாரம் எங்கள் குழுவை இன்னொரு வருடம் நீட்டிப்பதா என்று மன்றத்தில் ஓட்டுப் போட்டார்கள். எதிர்த்து ஒரே ஒரு கை உயர்ந்தது, பெரிய நாடு ஒன்றின் கை. அந்த ஒரு கை போதும். மன்றத்தின் விதி அப்படி. நாங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் எழுந்து வெளியே வந்து, லிஃப்டுக்காக நின்றோம்.

இரண்டு பெட்டிகளோடு காரைக்குடி வந்து சேர்ந்தேன். தம்பி பாவம், நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல் ஒரு வேலை பிடித்து வந்தான். பெரிய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்களாம். "பிரெஞ்சு பேசுற ஆளு வேணுமாங்கா. வர்ற வெள்ளக்காரவுகளுக்கு வீட்டச் சுத்திக் காட்டணும், பிள்ளையார்பட்டி கூட்டிட்டுப் போகணும். ஒனக்குத்தான் தண்ணிபட்ட பாடாச்சே" என்றான். போனேன். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர் என்று மூன்று வாரம் காட்டினேன். ஒரு கணவனும் மனைவியும், உங்கள் பிரெஞ்சு உச்சரிப்பு ஆப்பிரிக்க மாதிரி இருக்கிறதே, எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். சுவரைத் தொட்டுப் பாருங்கள், எவ்வளவு குளிர்ச்சி என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம்தான் பாஸ்கல் அழைத்தார். காலை பத்து மணி இருக்கும். தம்பி மனைவி வாசலில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். வீடியோவில் பாஸ்கலின் முகம், பின்னால் அகதி முகாமின் நீலத் தார்ப்பாய்கள். "ஒருவர் உங்களிடம் பேச வேண்டும் என்கிறார்" என்று போனைத் திருப்பினார். பணியாரக்காரி. மெலிந்திருந்தாள். உயிரோடு இருந்தாள், அம்மா. நான் என்னென்னவோ சொன்னேன். உன்னைப் பார்த்தது சந்தோஷம், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று.

"நான் சொன்னதை என்ன செய்தாய்?" என்று கேட்டாள். பாஸ்கல் அதை மொழிபெயர்த்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

நான் விளக்கினேன். மன்றம், இணைப்பு, ஆதாரத்தின் தரம், டிரைவருக்கு நடந்தது. உன் பெயரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்றேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

"பெயரைக் காப்பாற்று என்று நான் கேட்டேனா? நீதான் வந்ததும் வராததுமாகச் சொன்னாய். முகாமில் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள், வெள்ளை ஜீப்பில் வந்தவளிடம் எல்லாம் சொன்னாயே, என்ன ஆயிற்று என்று. நான் சொன்னது எந்தக் காகிதத்திலும் இல்லை என்கிறாய். அப்படியானால் நான் அன்று எதற்குப் பேசினேன்?"

"உன்னைக் கொன்றிருப்பார்கள்" என்றேன்.

"கொன்றிருக்கலாம். என் தம்பியைக் கொன்றுவிட்டார்கள். என்னை எப்போது கொல்லலாம் என்பதை நான் யோசித்துச் சொல்லியிருப்பேன். நீ ஏன் யோசித்தாய்?"

அம்மா, உன் கேள்வியைத்தான் அவளும் கேட்டாள். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. நான் செய்தது முழுக்கத் தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த டிரைவரின் படம் கண்முன் வருகிறது. பெயரைக் கொடுத்திருந்தால் அவள் இன்று போனில் பேசியிருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று உன்னிடம் போனை வைத்ததும் அவளிடம் போயிருக்க வேண்டும். நான் சுமைக்காரர்களைத் தேடிப் போனேன்.

அன்று ஹோட்டலுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

விஷயம் அத்தோடு முடியவில்லை. முகாமில் இருப்பவர்கள் சேர்ந்து, அந்த விமானக் கம்பெனி முதலாளியின் மேல் பக்கத்து நாட்டுக் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அவர் அந்த நாட்டில்தான் வீடு கட்டிக் குடியிருக்கிறார். ஒரு பெண் வக்கீல் நடத்துகிறார், சம்பளம் இல்லாமல். முதல் சாட்சி பணியாரக்காரி. முழுப் பெயரோடு, ஊர்ப் பெயரோடு. ஊர் எரிந்த பிறகு கட்டிய கதை என்று எதிர்த்தரப்பு சொல்லுமாம். அவள் இதையே, இதே மாதிரி, முன்னாலேயே சொன்னாள் என்று யாராவது வந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். பாஸ்கல் வருகிறார். இன்னொரு ஆள் நான்.

நான் பழைய ஆபீசுக்கு எழுதி அனுமதி கேட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி பரிசீலனை. மூன்றாம் முறை வேறொருவர் பதில் போட்டார்: பணிக்காலத்தில் நான் அறிந்தவை எல்லாம் மன்றத்துக்கு உரியவை, அனுமதி இல்லாமல் எந்த நீதிமன்றத்திலும் பேசினால், இனி எந்தப் பணிக்கும் என்னைப் பரிசீலிக்க இயலாமல் போகலாம். கீழே கையெழுத்துக்கூட இல்லை. பெயர் இல்லாத கடிதத்தை நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னேன். அவன் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எதுக்குக்கா இது? அவுக கேசு, அவுக ஊரு. நீ போயிச் சொன்னா அந்தாளத் தூக்கி உள்ள வச்சிருவாகளா?"

"வைக்க மாட்டாகன்னுதான் தோணுது."

"பெறகு? இருக்குற பேரும் போயி, வேலயும் போயி..."

"வேலதான் முன்னாடியே போயிருச்சேடா."

"கிண்டல் பண்ணாதக்கா. அம்மா சாவுக்கே ஒன்னால வர முடியல. ஒனக்கு அங்குட்டு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க என்ன பண்றது? யாருட்டப் போயிக் கேக்குறது?"

அவன் உன்னை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தவன். அவனுக்குக் கோபப்பட உரிமை உண்டு. அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனான். தம்பி மனைவிதான் எனக்கு மோர் ஊற்றினாள்.

"மதினி, அவுக அப்படித்தான் சொல்லுவாக. பயந்துக்கிட்டுச் சொல்றாக" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தப் பொம்பள மட்டும் தனியாவா ஏறி நிக்கும்?" என்று கேட்டாள்.

"ஆமா. எதுத்தாப்புல அந்த முதலாளி உக்காந்திருப்பான். அவனுக்குப் பெரிய வக்கீலுக."

"அப்பப் போயிட்டு வாங்க. போன எடுக்குற ஊராப் பாத்துத் தங்குங்க. தெனமும் எனக்கு ஒரு வார்த்த சொல்லிருவீகள்ல?"

சொல்லிவிடுவேன் என்றேன். தம்பி உள்ளேயிருந்து, "பாஸ்போர்ட்டு என்னைக்கு முடியிதுன்னு பாத்தியா?" என்று கத்தினான். அவன் சம்மதம் கோபமாகத்தான் வரும் என்று உனக்குத் தெரியுமே.

அம்மா, இந்த வழக்கு ஜெயிக்கும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பெண் வக்கீலே சொல்லவில்லை. வாய்தா வாங்குவார்கள், ஆவணம் காணாமல் போகும், முதலாளிக்கு நெஞ்சு வலி வரும். அந்த விமானம் இந்த வாரமும் எங்கேயோ ஒரு செம்மண் பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும். எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. பதினோரு வருடம் கவனமாக, சொல் சொல்லாக, யாருக்கும் வலிக்காமல் எழுதியதற்கு ஆத்திரம். எட்டு வரியைக் காப்பாற்ற முடியாததற்கு ஆத்திரம். உன்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை "வையி போன" என்பதற்கு எல்லாவற்றையும் விட ஆத்திரம். இதெல்லாம் அங்கே போனால் அடங்கிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஆனால் போகிறேன். வருகிற மாதம் பயணம். அனுமதிக்காக இனி எழுத மாட்டேன். பணியாரக்காரி சொல்லி முடித்து இறங்கியதும் நான் ஏறுவேன். அவள் எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வார்த்தைகளில் என்னிடம் சொன்னாளோ அதைச் சொல்வேன். அவளைக் கேட்காமல் அவள் பெயரை மறைத்தது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அந்த நாட்டுக் கோர்ட்டில் சாட்சியிடம் முதலில் பெயர் கேட்பார்களாம். அடுத்து அப்பா பெயர், அதற்கடுத்து அம்மா பெயர். வக்கீல் சொன்னபோது நான் இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அப்பா பெயரை நான் எத்தனையோ படிவங்களில் எழுதியாயிற்று. உன் பெயரை எந்த மேடையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவருக்கு நம் எழுத்துகள் வாயில் நுழையாது. ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல், சரியாக விழும்வரை சொல்வேன். தப்பாக அடித்திருந்தால் நிறுத்தித் திருத்தச் சொல்வேன். அதன் பிறகுதான் மற்றது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
காரைக்குடி அழகம்மாள் மகள்
சிவகாமி